இரண்டாவது நாற்காலி: நகரத் தொழில் முகமைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

தொழில்முனைவு, வேலைவாய்ப்பு, பொருளாதார மேம்பாடு என்ற மூன்றையும் ஒரே பெயர்ப்பலகையில் எழுதி வைத்திருக்கும் நகர முகமைகளின் பொறுப்பாளர்களுக்கு இதை எழுதுகிறேன். எந்த நகரம் என்று குறிப்பிடப் போவதில்லை. ஓர் ஊரில் பார்த்ததை இன்னோர் ஊர்க்காரரிடம் சொன்னால், "எங்கள் அலுவலகத்துக்கு எப்போது வந்தீர்கள்?" என்று கேட்கிறார்கள்.

நான் சிறு தொழில் செய்கிறவர்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஆடிட்டர் இல்லை. ஆடிட்டரிடம் போவதற்கு முன்னால், பையில் அள்ளிப் போட்டுக் கொண்டுவரும் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி, தொழில் செலவு எது, வீட்டுச் செலவு எது என்று பிரித்துக் கொடுக்கிற ஆள். தொடக்க விழாவில் ரிப்பன் வெட்டும்போது நீங்கள் இருப்பீர்கள், நான் இருக்க மாட்டேன். ஏழெட்டு மாதம் கழித்து, முகம் கொஞ்சம் வாடிய பிறகுதான் என்னிடம் வருவார்கள். அதனால் உங்கள் கண்ணில் படாத சில விஷயங்கள் என் மேசைக்கு வந்துவிடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் கணக்குக் கொடுத்திருந்த ஒரு பெண்மணியுடன் இப்படி ஒரு முகமை அலுவலகத்துக்குத் துணைக்குப் போனேன். தனி ஆளாகச் சீருடை தைத்துக் கொடுப்பவர். ஒரு பெரிய ஆர்டர் வந்திருந்தது. ஒருவர் தைத்து முடிக்கிற அளவு இல்லை. கைக்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு முதல் இரண்டு மாதச் சம்பளம் கொடுக்க ஏதாவது வழி வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

இடப்பக்க கவுன்டரில் தொழில்முனைவோர் பிரிவு. "நீங்கள் ஏற்கெனவே தொழில் நடத்துகிறீர்களே, எங்கள் திட்டம் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத்தான்" என்றார்கள். வலப்பக்கம் வேலைவாய்ப்புப் பிரிவு. "எத்தனை பணியிடம்?" என்று கேட்டார்கள். ஒன்று என்றதும் அந்த அலுவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரியாதையாகத்தான் சிரித்தார். முகாமில் மேசை போட வேண்டுமென்றால் குறைந்தது பத்து இடமாவது காட்ட வேண்டுமாம். இரண்டு கவுன்டருக்கும் நடுவே இருந்த பெஞ்சில் வேலை தேடி வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுக் கொடுத்தபோது, அவர்களில் இருவரிடம் அதே அலுவலகம் கொடுத்த தையல் பயிற்சிச் சான்றிதழ் இருந்தது தெரிந்தது.

சான்றிதழோடு ஆள் இருக்கிறது. வேலையோடு முதலாளி இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில். ஆனால் அந்த அலுவலகத்தில் இருவரையும் ஒரே சமயத்தில் பார்க்கக்கூடிய நாற்காலியில் யாரும் இல்லை. அந்த அம்மா ஆர்டரில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதை ஒரு அலுவலகத்தின் மேல் புகாராகச் சொல்லவில்லை. அதனால்தான் பெயரும் சொல்லவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. தொழில்முனைவு என்பது வேலைவாய்ப்பாக மாறுகிற ஒரே இடம், தனி ஆளாக இருந்தவர் முதல் ஆளை வேலைக்கு வைக்கிற நாள்தான். அந்த நாளுக்குத்தான் உங்களிடம் கவுன்டர் இல்லை.

அது ஏன் அத்தனை கடினம் என்பது பேரேட்டைப் பார்த்தால் தெரியும். தனி ஆளாகத் தொழில் செய்கிறவர் மிச்சத்தில் வாழ்கிறார். வாடகை, சரக்கு, மின்சாரம் எல்லாம் போக மாதக் கடைசியில் மிஞ்சுவது அவருடைய சம்பளம். மிஞ்சாத மாதத்தில் சம்பளம் இல்லை, கடனும் இல்லை. வயிற்றைக் கட்டினால் போதும். ஒரு ஆளை வைத்த மறுநிமிடம் கணக்கு தலைகீழாகிவிடும். அவருக்குச் சம்பளம் மிச்சத்திலிருந்து போகாது, முதலிலேயே போக வேண்டும். வரவுக்குத் தேதி கிடையாது, சம்பளத்துக்கு உண்டு. ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ஐம்பத்தொன்றாவது ஆள் வந்தால் கூடுவது இரண்டு சதவீதம். ஒருவர் இருவராவது நூறு சதவீதம். பாதி ஆளை வேலைக்கு வைத்துப் பார்க்க முடியாது. பகுதிநேரம் என்று ஒன்று உண்டுதான், ஆனால் நல்ல கைவேலைக்காரர் யாரும் பகுதிநேரத்துக்காகக் காத்துக் கொண்டிருக்க மாட்டார்.

இதோடு முதலாளி என்ற புது அவதாரமும் சேர்ந்துகொள்கிறது. பதிவு, காப்பீடு, வருகைப் பதிவேடு, விடுப்பு, இன்னும் என்னென்னவோ. பல நாடுகளில் இந்தப் பட்டியல் முதல் ஆளோடுதான் தொடங்குகிறது. பெரும்பாலோர் இதைப் பார்த்ததும் இரண்டில் ஒன்று செய்கிறார்கள். வேலையைத் திருப்பி அனுப்புவார்கள், அல்லது ஆளைப் பேரேட்டில் காட்டாமல் கையில் பணம் கொடுத்து வைத்துக்கொள்வார்கள். இரண்டாவது வழி எனக்கு நன்றாகத் தெரியும். "தேநீர்ச் செலவு" என்ற தலைப்பில் ஒரு முழு மனிதரின் சம்பளம் ஒளிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதருக்கு அடிபட்டால் காப்பீடு கிடையாது. உங்கள் புள்ளிவிவரத்திலும் அவர் இல்லை.

சில அரசுகளுக்கு இது புரிந்திருக்கிறது. பெல்ஜியம் 2016 தொடக்கத்திலிருந்து, முதன்முறையாக ஒருவரை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்கு, அந்த ஒருவருக்கான அடிப்படைச் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பை (ஓய்வூதியம், மருத்துவம் போன்றவற்றுக்காக முதலாளி கட்டும் தொகை) கால வரம்பே இல்லாமல் தள்ளுபடி செய்தது. முன்பு அது சில காலாண்டுகளுக்கு மட்டும் கிடைத்த சலுகை. பிரான்ஸ் 2015இல் முதல் ஆளை எடுக்கும் சிறு நிறுவனத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை அறிவித்தது. பெல்ஜியத்தில் செலவு எதிர்பார்த்ததைவிட ஏறிக்கொண்டே போனது. நல்ல வருமானம் உள்ள நிறுவனங்களும் அந்தத் தள்ளுபடியை வைத்துக்கொண்டன. 2022இல் காலாண்டுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். பணத்தை யாருக்கு என்று பார்க்காமல் அள்ளிக் கொடுத்தால் தேவையில்லாதவருக்கும் போகும். வழக்கம்போல. ஆனால் இடத்தைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள்.

தேசிய அரசு செய்ய வேண்டியதை நகர முகமையிடம் கேட்கிறானே என்று நினைக்கலாம். பங்களிப்புத் தள்ளுபடி உங்கள் கையில் இல்லை, தெரியும். தேவையானவர் யார், தேவையில்லாதவர் யார் என்று முகம் பார்த்துச் சொல்ல தலைநகரத்தால் முடியாது. உங்களால் முடியும். தெருவில் நடந்தாலே தெரிந்துவிடும் விஷயம் அது.

நடப்பது என்றதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. உங்கள் துறையில் அனைவரும் கேட்டிருப்பீர்கள், ஆனால் கதையின் பாதியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் படேவியா என்ற சிற்றூரில், விவசாய இயந்திரம் செய்யும் மாசி ஹாரிஸ் தொழிற்சாலை 1950களில் மூடப்பட்டது. ஊரின் பெரிய முதலாளி போய்விட்டார். சுமார் 8,50,000 சதுர அடிக் கட்டடம் காலியாக நின்றது. மான்குசோ குடும்பம் அதை வாங்கி 1959இல் திறந்தது. முழுக் கட்டடத்தையும் எடுக்க ஆள் கிடைக்கவில்லை. சரி, துண்டு துண்டாக விடுவோம் என்று ஜோசப் மான்குசோ முடிவெடுத்தார். வந்த வாடகைதாரர்களில் ஒன்று கோழிக்குஞ்சு பொரிக்கும் நிறுவனம். கட்டடத்தைக் காட்டும்போது குஞ்சுகளைப் பார்த்தே "இன்குபேட்டர்", அதாவது அடைகாக்கும் பெட்டி, என்று விளையாட்டாகச் சொல்ல ஆரம்பித்தார்கள், புதுத் தொழில்களுக்கு இடம் கொடுத்து வளர்க்கும் அமைப்புகளுக்கு அந்தப் பெயரே உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அவர் இடம் கொடுத்ததோடு நிற்கவில்லை, ஆலோசனை சொன்னார், கடன் வாங்க உதவினார், அலுவலக வசதிகளைப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்தார். இந்தப் பாதி பல இடங்களில் விடுபட்டுப் போகிறது. கண்ணாடிச் சுவரும் வண்ண நாற்காலியும் போட்டு இன்குபேட்டர் என்று பெயர் வைக்கிறோம். அடைகாக்கும் கோழி மட்டும் இல்லை.

பார்சலோனாவைப் பாருங்கள். வேலையின்மை கடுமையாக இருந்த 1986இல் அந்த மாநகராட்சி பார்சலோனா ஆக்டிவா என்ற முகமையை நிறுவியது. தொடங்கிய இடம், மூடப்பட்ட ஒலிவெட்டி தட்டச்சு இயந்திரத் தொழிற்சாலை. அங்கும் காலியான ஆலைதான் தொடக்கம். அந்த முகமை இன்றுவரை தொழில் தொடங்குவோரையும் வேலை தேடுவோரையும் ஒரே நிறுவனத்தின் கீழ் வைத்திருக்கிறது. இதைப் பார்த்துப் பல நகரங்கள் ஒரே கூரையின் கீழ் என்ற யோசனையை எடுத்துக்கொண்டன. கூரையை எடுத்துக்கொண்டார்கள், சரி. கீழே இரண்டு அறைகளுக்கும் நடுவே கதவு வைத்தார்களா என்பதுதான் என் கேள்வி.

சிறு தொழில்தான் வேலைவாய்ப்பைத் தருகிறது என்று உங்கள் கையேடுகள் தொடங்குகின்றன. அந்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1979இல் டேவிட் பர்ச் என்ற ஆய்வாளர், 1969 முதல் 1976 வரை அமெரிக்காவில் நிகரமாகக் கூடிய வேலைகளில் மூன்றில் இரண்டு பங்கு, 20 பேர் வரை உள்ள நிறுவனங்களில் உருவானதாகக் கணக்கிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு உலகம் முழுக்கச் சிறுதொழில் திட்டங்கள் வந்தன. பின்னால் வந்த பொருளாதார அறிஞர்கள் அந்தக் கணக்கில் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். ஹால்டிவாங்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, நிறுவனத்தின் அளவைவிட வயதுதான் முக்கியம். இளம் நிறுவனங்கள் வேகமாக ஆள் எடுக்கின்றன. அவற்றில் பல மூடவும் செய்கின்றன. சிறியதாகவே இருபது வருடம் இருக்கும் கடைகள் ஆள் கூட்டுவதில்லை. என் மேசையில் இருக்கும் பேரேடுகளும் இதையேதான் சொல்கின்றன. முதல் மூன்று நான்கு வருடங்களுக்குள் இரண்டாவது நாற்காலி போடாதவர், அதாவது முதல் ஆளை வைக்காதவர், அதன் பிறகு போடுவது அபூர்வம். அதற்குள் தனி ஆளாகவே வாழப் பழகிவிடுகிறார். பழகுவதில் தவறில்லை, அது அவர் விருப்பம். ஆனால் விரும்பியும் போட முடியாமல் பழகியவர்கள்தான் அதிகம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? பணம் ஒரு பகுதிதான், பெரிய பகுதியும் அல்ல. கொலராடோ மாநிலத்தில் லிட்டில்டன் என்ற நகரம் 1980களின் பிற்பகுதியில் ஒரு பெரிய விண்வெளி, ஏவுகணைத் தொழில் நிறுவனத்தின் ஆட்குறைப்பால் அடிபட்டது. வழக்கமாக இப்படி நடந்தால் நகரங்கள் இன்னொரு பெரிய நிறுவனத்தை வரிச்சலுகை காட்டி அழைக்க ஓடும். கிறிஸ் கிப்பன்ஸ் என்ற அந்நகரப் பொருளாதார அலுவலர், வெளியே வேட்டைக்குப் போவதைவிட உள்ளூர்த் தொழில்களைத் தோட்டம்போலப் பராமரிப்போம் என்றார். அவர்கள் கொடுத்தது பெரும்பாலும் தகவல். எந்தப் பகுதியில் எந்த வாடிக்கையாளர் இருக்கிறார், போட்டியாளர் யார், எந்தப் பட்டியலில் எந்த நிறுவனம் இருக்கிறது என்று பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கும் விவரங்களை, சிறிய நிறுவனங்களுக்கு நகரமே தேடிக் கொடுத்தது. 1990இல் சுமார் 15,000ஆக இருந்த வேலைகள் 2005இல் கிட்டத்தட்ட 30,000 ஆயின. அந்தப் பதினைந்து ஆண்டுகள் அமெரிக்காவுக்கே பெரும்பாலும் நல்ல காலம் என்பதால் முழுப் பெருமையையும் தோட்டக்காரருக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் முதல் ஆளை வைக்க ஒருவர் தயங்குவது, அடுத்த ஆறு மாதம் வேலை வருமா என்று தெரியாததால். அதற்கு மருந்து மானியம் இல்லை, விவரம்.

இன்னொரு மருந்து உங்கள் அடுத்த கட்டடத்திலேயே இருக்கிறது. நகர நிர்வாகமே ஒரு பெரிய வாடிக்கையாளர். பெயர்ப்பலகை, சீருடை, அச்சு வேலை, பழுதுபார்ப்பு, சுத்தம் செய்தல் என்று வாங்காத பொருளோ சேவையோ இல்லை. இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரம் நம்பியிருந்த பெரிய வணிக வளாகத் திட்டம் 2011இல் கைவிடப்பட்டது. அப்புறம்தான் அவர்கள் தங்கள் பேரேட்டைத் திறந்து பார்த்தார்கள். உள்ளூரில் இருந்த ஆறு பொது நிறுவனங்கள் வாங்குவதற்குச் செலவிட்டதில், 2012-13இல் 5 சதவீதம் மட்டுமே பிரஸ்டனுக்குள் போயிருந்தது. பெரிய டெண்டரைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், உள்ளூர் நிறுவனங்களுக்குத் தெரியும்படி அறிவித்தார்கள். 2016-17இல் அது 18.2 சதவீதம். சுற்றியுள்ள லங்காஷயர் மாவட்டத்தையும் சேர்த்தால் 39 சதவீதம் என்பது 79.2 ஆனது. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, செலவைக் கூட்டாமல் செலவின் முகவரியை மாற்றினார்கள் என்பது.

ஆனால் ஆர்டர் கொடுப்பதோடு விட்டால் போதாது. பணத்தையும் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லும்போது கொஞ்சம் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நகர அலுவலகம் ஒன்றுக்கு அச்சு வேலை செய்து கொடுத்த ஒருவருக்கு, ஐந்து மாதம் கழித்துத்தான் பில் பாஸ் ஆனது. ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்டு நானே மூன்று முறை போயிருக்கிறேன். அந்த வேலைக்காகவே அவர் ஓர் ஆளைப் புதிதாக வைத்திருந்தார். இரண்டாம் மாதச் சம்பளத்துக்குக் கைமாற்று வாங்கினார், மூன்றாம் மாதம் அந்த ஆளை நிறுத்திவிட்டார். பில் வந்தபோது பணம் முழுசாக வந்தது, ஆள்தான் இல்லை. தொழில்முனைவோரைப் பாராட்டி விழா எடுக்கிற அதே வாரத்தில் நிதிப் பிரிவு அவர்களின் பில்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் போட்ட விதிப்படி பொது அமைப்புகள் பொதுவாக 30 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் மத்திய வங்கியின் விகிதத்துக்கு மேல் 8 சதவீதப் புள்ளி வட்டி சேரும். அங்கேயும் எல்லோரும் அதைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு என்றாவது எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் நிதிப் பிரிவு அல்ல. ஆனால் நகரத்துக்குள் சிறு தொழிலுக்காகக் குரல் கொடுக்க வேறு யாரும் இல்லை. மாதம் ஒருமுறை, எந்தத் துறையில் எத்தனை சிறு பில் எத்தனை நாளாகத் தூங்குகிறது என்று ஒரே ஒரு தாளில் எழுதி உங்கள் வாசலில் ஒட்டுங்கள். அதற்குத் தனித் திட்டமோ கடன் வசதியோ வேண்டியதில்லை.

பயிற்சி வகுப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. வணிகத் திட்டம் எழுதக் கற்றுக்கொடுக்கிறீர்கள், நல்லது. "முதல் சம்பளம் கொடுப்பது எப்படி" என்று ஒரு வகுப்பு நடத்தி நான் பார்த்ததில்லை. இரண்டு மணி நேரம் போதும். என்ன பதிவு, எந்தப் படிவம், மாதம் எந்தத் தேதிக்குள், மூன்று மாதச் சம்பளத்தைத் தனியாக ஒதுக்காமல் ஏன் ஆள் எடுக்கக் கூடாது. கூப்பிட்டால் நானே வந்து எடுக்கிறேன்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. வேண்டாம் என்று சொல்லவும் பழக வேண்டும். ஒரே தெருவில் ஒரே மாதிரி ஐந்து கடைக்குத் தொடக்க உதவி கொடுத்தால் ஐந்து தொழில் பிறந்ததாக அறிக்கையில் வரும். ஆறாவதாக ஏற்கெனவே அங்கே இருந்தவர் கடையை மூடியது வராது. என் மேசைக்கு அந்த ஆறாவது ஆளும் வருகிறார், கடைசிக் கணக்கை முடித்துக் கொடுக்கச் சொல்லி. உங்கள் உதவி இல்லாமலேயே தொடங்கியிருப்பவருக்கு உதவியதும் அப்படித்தான், கணக்கில் ஏறும், ஊரில் எதுவும் மாறாது. இதையெல்லாம் துல்லியமாக அளக்க முடியாது என்பது தெரியும். குறைந்தபட்சம் ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்க்கலாம்: "இந்த வாடிக்கையாளர்கள் இப்போது யாரிடம் வாங்குகிறார்கள்?"

உங்கள் ஆண்டறிக்கைகளை நான் படிக்கிறேன். வேறு யாராவது படிக்கிறார்களா தெரியவில்லை. பயிற்சி பெற்றோர் இத்தனை பேர், முகாம்கள் இத்தனை, புதிதாகப் பதிவான தொழில்கள் இத்தனை. எல்லாம் உள்ளே போனவற்றின் கணக்கு. சரக்கு வாங்கிய கணக்கை மட்டும் எழுதி, விற்ற கணக்கை எழுதாத பேரேட்டை யாராவது என்னிடம் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். மூன்று ஆண்டுக்கு முன் உங்கள் கதவைத் தட்டியவர்களில் இன்று எத்தனை பேர் தொழிலில் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேரிடம் இன்னொருவர் வேலை செய்கிறார், அந்த இன்னொருவர் பேரேட்டில் இருக்கிறாரா அல்லது தேநீர்ச் செலவிலா? இந்த மூன்று எண் போதும் எனக்கு. முதல் ஆண்டு அவை சின்னதாகத்தான் இருக்கும், வெளியிட வெட்கமாகக்கூட இருக்கும். வெளியிடுங்கள்.

அப்புறம் அந்த இரண்டு கவுன்டர்களுக்கு நடுவே, பெஞ்சை ஒட்டி, ஒரு மேசை போட்டு ஒருவரை உட்கார வையுங்கள். புதுத் துறை, புதுப் பெயர், புது இலச்சினை எதுவும் வேண்டாம். இடப்பக்கம் வந்தவரின் வேலையையும் வலப்பக்கம் வந்தவரின் சான்றிதழையும் ஒரே நோட்டில் எழுதத் தெரிந்தவராக இருந்தால் போதும்.

அந்தச் சீருடை தைப்பவர் இன்னும் தனி ஆளாகத்தான் தைக்கிறார். போன மாதம் கணக்கு கொடுக்க வந்தபோது, இன்னொரு பெரிய ஆர்டரைப் பற்றி விசாரிப்பு வந்திருப்பதாகச் சொன்னார். எடுக்கலாமா என்று கேட்டார். ஒரு வாரம் பொறுங்கள், ஒரு கடிதம் எழுதிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
கணக்கு எழுதுகிறவன்